கூட்டுப்பெட்டிக்குக் கீழே

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நின்றுகொண்டே வேலை பார்க்காதே, ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுக்கொள் என்று போன கடிதத்திலேயே எழுதினேன். அதற்கு நீ பதில் எழுதவில்லை. அப்படியென்றால் வாங்கவில்லை என்று அர்த்தம்.

இங்கே ஒரு விசேஷம். தோட்டத்துக் கொட்டகைச் சுவரில், மாதுளை மரத்தை ஒட்டி, பலகையில் ஒரு கூட்டுப்பெட்டி செய்து மாட்டினேன். மாட்டிய சூட்டோடு ஒரு ஜோடி பட்டாணிக்குருவி வந்து வீடு பார்த்துவிட்டுப் போயிற்று. கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், நெஞ்சில் டை கட்டியது போல ஒரு கறுப்புக் கோடு. ஆண் குருவி வாசலோடு நின்றுவிட்டது. பெண் குருவிதான் உள்ளே போய் மூலைக்கு மூலை கொத்திப் பார்த்தது. வாடகைக்கு வீடு தேடுகிற குடும்பம் தோற்றது போ.

பெட்டிக்குள் ஒரு கேமராவும் வைத்திருக்கிறேன். ஒரு பழைய கட்டடத்தில் லிப்டைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டோம். குப்பைக்குப் போக இருந்த கேமராவை மேலாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். இத்தனை வருஷமாக லிப்டுக்குள் ஜனங்கள் தலை சீவிக்கொள்வதையும், சண்டை போடுவதையும், கதவு திறக்கும்போது சட்டென்று முகத்தை மாற்றிக்கொள்வதையும் பார்த்து அலுத்துப்போன கேமரா. இனியாவது நல்லதைப் பார்க்கட்டும். லிப்ட் கேமரா என்பதால் படம் மட்டும்தான் வரும், சத்தம் வராது. கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிற முகவரியையும் கடவுச்சொல்லையும் உன் லேப்டாப்பில் அடித்துப் பார்.

இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று நீ கேட்கமாட்டாய். நேரில் வாய் திக்கினால் கையைக் காலை ஆட்டியாவது ஒப்பேற்றிவிடுவேன். போனில் அதற்கும் வழியில்லை. பேனா ஒன்றுதான் எனக்குத் திக்காமல் ஓடுகிறது.

மகள் வாலு சுகமாக இருக்கிறாள். நானும் அவள் அம்மாவும் பிரிந்தபோது பேசிக்கொண்டபடி மாதத்தில் இரண்டு முறை என்னிடம் வரவேண்டியவள், பரீட்சை இருப்பதால் கொஞ்ச நாளாக வரவில்லை. படிக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். நீ சுகம் என்று எழுதியதைப் பாதி நம்பினேன். மீதியை உன் எடையை எழுதி அனுப்பினால் நம்புகிறேன். ஸ்டூல் வாங்கியாயிற்று. அதன்மேல் பல்செட் அச்சுகளை அடுக்கி வைத்திருக்கிறேன், இடம் போதவில்லை.

நீ கொடுத்த முகவரியை அடிப்பதற்குள் எனக்குக் கண் பூத்துப்போயிற்று. ஆனால் படம் வந்ததும் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. என் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும், வேறு எதுவும் தெரியாது. நாள் முழுக்க முகம் தெரியாதவர்களுக்குப் பல் கட்டிவிட்டு, சாயங்காலம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது என் வழக்கம். இப்போது லேப்டாப்பைத் தட்டுக்கு எதிரே வைத்துக்கொள்கிறேன். பெண் குருவி வாய் கொள்ளாமல் பாசியைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் உட்கார்ந்து வட்டம் வட்டமாகச் சுற்றி மெத்தையை அழுத்துகிறது. ஆண் குருவி வாசலில் தலையை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. ஊமைப்படம் மாதிரி இருந்தாலும் அது என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். எல்லா வேலையும் நீயே செய், நான் பாட்டுப் பாடுகிறேன் என்கிறது.

அது சரி, பட்டாணி என்று இதற்குப் பேர் வைத்தவர் யார்? தின்பதெல்லாம் புழு.

இன்னொன்றும் கேட்கவேண்டும். எந்தப் பள்ளிக்கூடத்தில் இவ்வளவு நாள் பரீட்சை நடக்கிறது? எழுத வேண்டாம் என்றால் எழுதாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நலமாகவே இருக்கிறேன். எடை பார்க்கிற கருவி வீட்டில் இல்லை. வேலையிடத்து லிப்டில் ஏறி நின்று பார்த்தேன், அது என் எடையைச் சட்டையே செய்யவில்லை.

முட்டைகளைப் பார்த்திருப்பாய். வெள்ளை ஓட்டில் செம்பொட்டுகள், மிளகாய்த்தூள் சிந்தின மாதிரி. பெண் குருவி இடத்தை விட்டு நகர்வதில்லை. ஆண் குருவி புழுவைக் கொண்டுவந்து ஊட்டுகிறது. நீ அதைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்.

சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் கிரீஸ் படிந்த சட்டையோடு பெட்டிக்குக் கீழே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். சும்மா உட்கார்ந்திருப்பதுதான். தோட்டத்தைச் சுற்றி மதில் இருப்பதால் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை.

வாலு வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். நன்றாகப் பேசினோம். அவள் அம்மாவும் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள், பெரிதாக ஒன்றுமில்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் தம்பி


ஏப்ரல் 6

வாலுக்குட்டிக்கு,

தூரத்தில் இருக்கிற அத்தை எழுதுகிறேன். நீயும் அம்மாவும் சுகமா? அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ முகத்தைச் சுளிப்பாய். நான் சொல்லப்போவது போனில் சொல்லி முடித்துவிடுகிற விஷயம் இல்லை. நீ இதைத் திரும்பத் திரும்பப் படிக்கவேண்டியிருக்கும்.

அப்பா தோட்டத்தில் மாட்டிய கூட்டுப்பெட்டியைப் பற்றி உனக்குத் தெரியுமோ என்னமோ. அதற்குள் ஒரு குருவி அடைகாக்கிறது. அப்பா வைத்த கேமராவில் நான் தினமும் பார்க்கிறேன். சத்தம் வராது என்று அப்பா சொன்னதால் நானும் சும்மா படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வாரம் லேப்டாப்பைத் துடைக்கும்போது ஒலிப் பொத்தானில் கை பட்டுவிட்டது. அறைக்குள் ஓர் ஆண் குரல் கேட்டது. பதறிப்போய்க் கதவைப் பார்த்தேன். கதவு சாத்தித்தான் இருந்தது. குரல் குருவிப் பெட்டியிலிருந்து வந்தது.

"என்னம்மா, காலையில இருந்து ஒரே இடத்துல உக்காந்திருக்கியே, இடுப்பு வலிக்கலையா? கொஞ்சம் வெளிய போய்ட்டு வாயேன், நான் பாத்துக்கறேன். எங்க அக்காவும் உன்னை மாதிரிதான். அவ உக்காருன்னா உக்கார மாட்டா, நீ எழுந்திருன்னா எழுந்திருக்க மாட்டேங்கற."

பக்கத்து வீட்டுக்காரர் யாரோ என்று முதலில் நினைத்தேன். அக்கா என்று சொன்ன பிறகுதான் அது என் தம்பி என்று தெரிந்தது. வாலு, ஓர் எழுத்துக்கூடத் திக்கவில்லை. அவன் பேசக் கற்ற நாளிலிருந்து நான் அவனைக் கேட்டு வருகிறேன். அவன் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு அழுதேன்.

இப்போது தினமும் கேட்கிறேன். அவன் நிறையப் பேசுகிறான். உன்னைப் பற்றியும் பேசுகிறான். என்ன பேசுகிறான் என்று நான் சொல்லமாட்டேன், அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. கேமராவின் முகவரியையும் கடவுச்சொல்லையும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அவன் வேலை விட்டு வருகிற நேரம் உனக்கே தெரியும்.

ஒட்டுக் கேட்பது தப்பு. தப்பு என்று தெரிந்தேதான் நானும் கேட்கிறேன், உன்னையும் கேட்கச் சொல்கிறேன். அவனிடம் மட்டும் மூச்சு விடாதே. யாரோ கேட்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த வாய் பூட்டிக்கொள்ளும்.

உன் அத்தை


ஏப்ரல் 17

அன்புள்ள அத்தைக்கு,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? ஸ்டாம்ப் எந்த மூலையில் ஒட்டவேண்டும் என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் கொடுத்த முகவரியை நான் திறக்கவில்லை. திறக்கப் போவதும் இல்லை. என்னிடம் பேசாதவர் குருவியிடம் பேசுகிறார் என்றால் குருவியே அவருக்கு மகளாக இருக்கட்டும்.

அப்பா உங்களிடம் பரீட்சை என்று சொல்லியிருப்பார். பரீட்சையெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. நான்தான் வரமாட்டேன் என்று சொன்னேன். போன வருஷக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. டீச்சர் அப்பாவிடம், உங்கள் மகளைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார். அப்பா "எ... எ..." என்று நின்றார். எல்லாரும் பார்த்தார்கள். நானே எழுந்து, "என் பொண்ணு நல்லா படிக்கறா, அதைத்தான் சொல்ல வராரு" என்று முடித்துவைத்தேன். மறுநாள் வகுப்பில் ஒருத்தி "எ... எ..." என்று செய்து காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அத்தை. அதற்குப் பிறகு எனக்கு அங்கே போகப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் நான் ஹலோ சொல்வேன், அப்பா மூச்சு விடுகிற சத்தம் கேட்கும், "சரிப்பா, வைக்கறேன்" என்று வைத்துவிடுவேன். இதுதான் நாங்கள் பேசுகிற பேச்சு. விடுமுறைக்கும் போகமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "நான் கட்டாயப்படுத்த மாட்டேன். நீயா போறேன்னு சொன்னா அனுப்பறேன், இல்லேன்னா இனிமே இது பத்திப் பேச வேண்டாம்" என்று அம்மாவும் சொல்லிவிட்டார்.

என்மேல் கோபப்படாதீர்கள்.

இப்படிக்கு,
வாலு (இந்தப் பேரையும் மாற்றினால் தேவலை)


ஏப்ரல் 22

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். முழங்கால் அப்படியே இருக்கிறது, நல்லதும் இல்லை மோசமும் இல்லை. குஞ்சுகள் பொரிந்துவிட்டன! உடம்பில் ஒரு இறகு இல்லை, கண் திறக்கவில்லை, வாய் மட்டும் முகத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. நான் கட்டுகிற பல்செட்டை மாட்டிவிட்டால் சரியாக இருக்கும். தாயும் தகப்பனும் மாறி மாறிப் புழுவைக் கொண்டுவந்து திணிக்கிறார்கள், பார்க்கிற எனக்கே மூச்சு வாங்குகிறது.

ஏணியில் ஏறும்போது பார்த்து ஏறு. கையில் அடிபட்ட இடத்தில் ஏதாவது தடவினாயா?

வாலுவின் அம்மா என்ன செய்தி அனுப்பினாள் என்று நீ எழுதவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை என்று நீ எழுதினால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ஏணியிலிருந்து விழுந்ததை எப்படி மோப்பம் பிடித்தாய்? அக்காக்களுக்கு மூக்கு நீளம் என்பது சரியாகத்தான் இருக்கிறது. குஞ்சு பொரிவதற்கு முன்னால், கேமரா கண்ணாடியில் பாசி ஒட்டியிருக்கிறதே என்று பெட்டி மூடியை லேசாகத் தூக்கினேன். உள்ளே பாம்பு சீறியது. பெட்டியோடு போச்சு என்று அலறிக்கொண்டு கீழே விழுந்தேன். பிறகு மெல்ல எட்டிப் பார்த்தால் பாம்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் கையளவு குருவிதான் முட்டைமேல் உட்கார்ந்தபடி அப்படிச் சீறுகிறது. முழங்கை வீங்கி வடிந்துவிட்டது. எனக்கு அதன்மேல் மரியாதை கூடிவிட்டது.

வாலுவின் அம்மா எழுதியதைக் கேட்டாய். வாலு தானாக வருகிறேன் என்று சொன்னால்தான் அனுப்புவாளாம். விடுமுறைக்கும் வரமாட்டேன் என்கிறாளாம். அவள் அம்மாமேல் எனக்கு வருத்தமில்லை, அவள் சொல்வது நியாயம்தான். குழந்தையை இழுத்துக்கொண்டுவந்து உட்காரவைக்க முடியுமா? நான் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும், அக்கா. போனை எடுத்து, நீ வா என்று சொல்லவேண்டும். அது என்னால் முடியவில்லை. இதற்குமேல் இதைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் பறந்துவிடும். பெட்டியைக் கழற்றிக் கழுவிவைக்கவேண்டும். கேமராவையும் எடுத்துவிடுவேன்.

உன் தம்பி


மே 6

அத்தைக்கு,

எல்லாரும் சுகம். நீங்களும் சுகம் என்று நம்புகிறேன். வேகமாக எழுதுவதால் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டுவிட்டேன். ஒரு நாள் மட்டும் என்று திறந்தேன், அதற்கப்புறம் தினமும் திறக்கிறேன். வீட்டுப்பாடம் செய்கிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுக் காதில் ஒயரை மாட்டிக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு இவ்வளவு பேச வரும் என்று ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை? அந்தக் குஞ்சுகளுக்குத் தினமும் கதை சொல்கிறார். லிப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் பேச்சுக் கொடுக்கவேண்டுமாம். அப்பாவால் முடியாததால் கதவை மெதுவாகத் தட்டுவாராம். உள்ளே இருப்பவரும் தட்டுவாராம். ஒரு அம்மா வெளியே வந்து, "யாரோ இருக்காங்கன்னு தெரிஞ்சுதுப்பா, பயம் போயிடுச்சு" என்றாராம். இதைச் சொல்லிவிட்டு அப்பா தானே சிரித்தார். அவர் சிரிப்புகூட எனக்குப் புதிதாக இருந்தது.

நேற்று என்னைப் பற்றிச் சொன்னார். அப்படியே எழுதுகிறேன். "எனக்கும் ஒருத்தி இருக்கா. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. என்ன பேசணும்னு சனிக்கிழமையே யோசிச்சு வச்சுடுவேன். அவ ஹலோன்னதும் தொண்டையில எல்லாம் அடைச்சுக்கும். பாவம், கொஞ்ச நேரம் காத்திருந்து பாத்துட்டு வச்சுடுவா. அவளுக்கு என்னால ரொம்ப வெக்கம். அவ மேல தப்பே இல்ல. நானா இருந்தாலும் வர மாட்டேன்."

அத்தை, நான் காத்திருக்கவே இல்லை. உடனே வைத்துவிடுவேன். அது அவருக்குத் தெரியும், தெரிந்தும் குருவியிடம்கூட என்னை விட்டுக்கொடுக்கவில்லை.

குஞ்சுகள் வாசலில் தலையை நீட்டுகின்றன. அவை போய்விட்டால் அப்பா யாரிடம் பேசுவார்? அதற்குப் பிறகு எனக்கு எப்படிக் கேட்கும்? நீங்கள் சொல்லாதே என்றீர்கள். நான் சொல்லத்தான் போகிறேன்.

வாலு


மே 11

அக்கா,

சனிக்கிழமை காலையில் குஞ்சுகள் எல்லாம் பறந்துபோயின. ஞாயிற்றுக்கிழமை வாலு போன் செய்தாள். எனக்கு வழக்கம்போல வாய் கட்டிக்கொண்டது. அவள் சொன்னாள்: "அப்பா, போனை வச்சுடுங்க. பெட்டிகிட்ட போய் உக்காந்து பேசுங்க. நான் அங்க கேக்கறேன். இத்தனை நாளும் அங்கதான் கேட்டுட்டு இருந்தேன். அத்தையும் கேக்கறாங்க."

பெட்டிக்குப் பக்கத்தில் போகவில்லை. கேமராவின் ஒயரைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டேன். அந்தக் கேமராவில் சத்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது. நான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறவன், படத்தைத் திறந்து பார்க்க எனக்கு என்ன தேவை?

கடைக்காரர் முன்னால், மேலாளர் முன்னால், கட்டின மனைவி முன்னால் என் வாய் பட்ட பாடெல்லாம் உனக்குத் தெரியும். யாரும் இல்லாத ஒரே ஒரு இடம் எனக்கு இருந்தது. அங்கேயும் நீ வந்து உட்கார்ந்திருக்கிறாய். போதாதென்று அவளையும் கூட்டிவந்து உட்காரவைத்திருக்கிறாய். முழங்கையில் அடிபட்டதைக் கேட்டாயே, அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

தம்பி


மே 24

தம்பிக்கு,

நீ நலம் விசாரிக்கவில்லை, அதனால் நானும் என் முழங்காலைப் பற்றி எழுதவில்லை. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா என்பதை மட்டும் எழுது.

நான் செய்தது தப்பு. முதல் நாளே சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் நீ பேச்சை நிறுத்திவிடுவாய் என்று சொல்லவில்லை. வாலுவுக்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிட்டால் எனக்கும் கௌரவமாக இருக்கும். ஆனால் அவளுக்கு எழுதுவதற்கு முன்னால் நான் தனியாகவும் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த அறையில் என்னோடு பேச ஆளில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு குரல், அதுவும் என் தம்பியின் குரல், திக்காமல் திணறாமல், அக்கா அப்படி, அக்கா இப்படி என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அதை விட மனசு வரவில்லை. நான் பேராசைப்பட்டேன், அவ்வளவுதான்.

வாலு நேற்று என்னைப் போனில் கூப்பிட்டாள். தினமும் அந்த முகவரியைத் திறக்கிறாளாம், திரை கறுப்பாகவே இருக்கிறதாம். "அப்பா கோவமா இருக்காரா அத்தை? நான் சொன்னது தப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தும் நீ எடுக்கவில்லை என்கிறாள். என்மேல் இருக்கிற கோபத்தை என்மேல் மட்டும் வை. அவள் உன்னை வேடிக்கை பார்க்க வரவில்லை. கேட்க வந்தாள்.

ஒன்று செய். கேமராவுக்குக் கடவுச்சொல் மாற்ற முடியும் என்று எங்கள் பல் கட்டும் கூடத்தில் கணினி பார்க்கிற பெண் சொன்னாள். மாற்றி, புதியதை அவளிடம் மட்டும் கொடு. எனக்கு வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. அது உங்கள் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கவேண்டியது, நான் நடுவில் புகுந்துவிட்டேன். எனக்கு ஜன்னலும் சுவரும் இருக்கிறது, பழகியதுதான்.

அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்காலை விசாரித்ததாகச் சொல். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு முதலில் கோபம் காரணம், அப்புறம் வெட்கம், அதற்கும் அப்புறம் நேரமில்லை. ஏன் நேரமில்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே பல நாள் வேலைக்குப் போனேன். இந்த மாத ஆரம்பத்தில்தான் ஒயரைத் திரும்ப மாட்டினேன். கடவுச்சொல்லை மாற்றி வாலுவுக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு உட்காருவேன் என்று கூடவே எழுதினேன்.

பெட்டி காலி. உள்ளே அழுங்கிப்போன பாசிதான் இருந்தது. கேமராவைக் கூட்டிலிருந்து எடுத்து வெளிப்பக்கம் திருப்பிவைத்தேன், இனி ஒளிந்துகொண்டு என்ன ஆகவேண்டியிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் இல்லை என்று நினைத்தபோது மடை திறந்தமாதிரி வந்த பேச்சு, அவள் இருக்கிறாள் என்று தெரிந்ததும் போன இடம் தெரியவில்லை. அக்கா, என் ஆயுசில் அப்படித் திக்கியதில்லை. முதல் வார்த்தைக்கே சட்டை நனைந்துவிட்டது. போனாக இருந்தால் அவள் வைக்கிற சத்தமாவது கேட்கும். கேமராவில் அதுவும் இல்லை. கேட்கிறாளா, எழுந்து போய்விட்டாளா, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிக்கிறாளா, ஒன்றும் தெரியாது. எழுந்து உள்ளே போய்விடலாம் என்று இரண்டு தரம் நாற்காலியின் கையைப் பிடித்தேன். அப்புறம், வந்தது வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு நான் சொல்ல வந்தது வேறு என்று சொன்னேன். அது என்ன என்று சொன்னேன். வெயில் மதிலைத் தாண்டிப் போகிற வரைக்கும் ஆயிற்று. கடைசியாக ஒரே ஒரு வாக்கியம் பாக்கி. அதையும் இழுத்துப் பறித்து முடித்துவிட்டு உள்ளே வந்து சொம்புத் தண்ணீரைக் குடித்தேன்.

திங்கள், செவ்வாய் ஒரு தகவலும் இல்லை. அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால் வாலு நிற்கிறாள். தோளில் பெரிய பை, தெருவில் அவள் அம்மாவின் கார் திரும்பிக்கொண்டிருக்கிறது. முன்னைவிட உயரமாகிவிட்டாள். உள்ளே வரவில்லை. வாசல்படியிலேயே நின்று, என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அன்னிக்குக் கடைசியில நெட் கட்டாயிடுச்சுப்பா. நீங்க முடிக்கறது கேக்கல. என்ன சொல்ல வந்தீங்கன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

கட்டானது நிஜமா என்று நான் கேட்கவில்லை. என் பக்கத்தில் கேமராவின் பச்சை விளக்கு கடைசி வரைக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. கேட்டுவிட்டுப் போகிறவள் எதற்கு இவ்வளவு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள் என்றும் கேட்கவில்லை. பையை வாங்கி உள்ளே வைத்தேன். அடுப்பை ஏற்றி டீ போட்டேன். சமையல்கட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். அந்த வாக்கியத்தை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

திக்கிற்று. முன்னெல்லாம் அவள் நடுவில் புகுந்து முடித்துவிடுவாள். இந்தத் தடவை இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடுகூட அசையவில்லை. டீ ஆறி ஏடு கட்டிவிட்டது, அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. நான் சொல்லி முடித்தேன்.

அந்த வாக்கியம் என்ன என்று உனக்கு எழுதப்போவதில்லை, அக்கா. இதையாவது நீ கேட்காமல் இரு.

உன் தம்பி